நிலவுக்குப் போனவள்: சீன அறுவடைத் திருவிழாவின் கதைகள்

மூன்கேக்கைக் கத்தியால் இரண்டாக வெட்டினால் உள்ளே ஒரு நிலா தெரியும். வெளியே, அச்சில் அழுத்தி எடுத்த பூவேலையும் சீன எழுத்துகளும் கொண்ட பொன்னிறத் தோல். அதற்குள், தாமரை விதையை வேகவைத்து அரைத்துச் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துக் கிளறிய விழுது, அல்வாவைப் போலக் கனத்து இருக்கும். நட்ட நடுவில், உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. இனிப்புக்கு நடுவே உப்பா என்று முதல் முறை சாப்பிடுபவர்கள் திகைப்பார்கள். ஆனால் அந்த மஞ்சள் வட்டம் அங்கே இருப்பது நாவுக்காக மட்டும் அல்ல, கண்ணுக்காகவும்தான். அதுதான் சீனர்களின் அறுவடைத் திருவிழா இரவின் முழுநிலா.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இது பழகிய பண்டம். செப்டம்பர் நெருங்கும்போது சீன நண்பர்களோ அண்டை வீட்டாரோ கொடுத்தனுப்பும் பெட்டி வீடு வந்து சேர்ந்துவிடும். பெட்டியின் மூடியில் அடிக்கடி காணும் படம் ஒன்று உண்டு: நீண்ட கைகளும் பறக்கும் நாடாக்களும் கொண்ட உடையில் ஒரு பெண் நிலவை நோக்கி மிதந்து போகிறாள், கூடவே ஒரு வெள்ளை முயல். பெட்டியைத் திறந்து கேக்கைச் சாப்பிட்டுவிட்டு மூடியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். அந்தப் பெண் யார், எதற்காகப் போகிறாள், அறுவடைக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு என்று நின்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் இரண்டாயிரம் ஆண்டுக் கதை ஒன்று விரியும்.

முதலில் நாளைப் புரிந்துகொள்வோம். இந்த விழாவுக்குச் சீன மொழியில் ஜோங்சியூ என்று பெயர். ‘இலையுதிர் காலத்தின் நடு’ என்பது அதன் பொருள். சீனர்களின் மரபு நாட்காட்டியில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மாதங்களும் இலையுதிர் காலம். நடுவில் இருப்பது எட்டாம் மாதம், அந்த மாதத்தின் நடுநாள் பதினைந்து. மாதங்கள் அமாவாசையில் தொடங்குவதால் பதினைந்தாம் நாள் என்றால் ஏறக்குறைய முழுநிலா நாள். ஆங்கிலத் தேதிப்படி இது செப்டம்பர் முதல் வாரத்தின் இறுதிக்கும் அக்டோபர் முதல் வாரத்தின் இறுதிக்கும் இடையே எங்காவது விழும். 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. நம் கணக்கில் ஆவணியின் பிற்பகுதியிலோ புரட்டாசியிலோ வரும் பௌர்ணமி.

அறுவடைக்கும் இந்த நிலவுக்கும் உள்ள உறவு வெறும் நம்பிக்கை அல்ல, வானத்திலேயே இருக்கிறது. பொதுவாக நிலவு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். இலையுதிர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிவரும் பௌர்ணமியில் மட்டும், வட சீனா போன்ற பகுதிகளில் இந்தத் தாமதம் சுமார் அரை மணியாகக் குறைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் பெரிய நிலா எழுந்துவிடும். அதுவும் அடுத்தடுத்துப் பல நாட்கள். தினையும் சோளமும் அவரையும் பழங்களும் ஒருசேர முற்றி நிற்கும் நேரத்தில் விளக்கில்லாமலே வேலை செய்ய வெளிச்சம் கிடைத்தால் உழவன் யாருக்கு நன்றி சொல்வான்? பழங்காலச் சீன அரசர்கள் வசந்த காலத்தில் சூரியனையும் இலையுதிர் காலத்தில் நிலவையும் வழிபட்டார்கள். அரண்மனையின் சடங்கு மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கியது. தாங் வம்சத்துக் கவிஞர்கள் இந்த இரவைப் பாடித் தீர்த்தார்கள். பின்னர் வந்த வட சொங் வம்சத்தின் தலைநகரான கைஃபெங்கில் இது ஊரே விழித்திருக்கும் விழாவாகிவிட்டது. புதுமதுவும் நண்டும் மாதுளையும் விற்பனைக்கு வரும், நிலவு தெரியும் மாடங்களில் இடம்பிடிக்கப் போட்டி நடக்கும், குழந்தைகள் விடிய விடிய விளையாடுவார்கள் என்று அக்காலத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

இனி கதைக்கு வருவோம்.

பத்துச் சூரியன்கள்

கதை நிலவில் தொடங்கவில்லை, கருகிப்போன வயலில் தொடங்குகிறது. கிழக்குக் கடலுக்கு அப்பால் ஃபூசாங் என்னும் மாபெரும் மல்பெரி மரம். அதன் கிளைகளில் பத்துச் சூரியன்கள் குடியிருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு காகம் சுமந்தது. மூன்று கால் காகம். தாய் சீஹோ தன் பிள்ளைகளை நீராட்டி, முறைவைத்து, ஒரு நாளுக்கு ஒருவராக வானத்துக்கு அழைத்துப் போவாள். ஒன்று மேல்கிளையில், ஒன்பது கீழ்க்கிளைகளில் என்று ஒழுங்காகக் காத்திருந்த சூரியன்கள், யாவ் என்னும் அரசனின் காலத்தில் ஒருநாள் பத்தும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. பயிர் கருகியது. புல் பூண்டு செத்தது. மக்களுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை.

ஏன் பத்து? மிகப் பழைய சீனாவில் வாரத்துக்குப் பத்து நாட்கள். பத்து நாட்களுக்கும் பத்துப் பெயர்கள் இருந்தன. ஆகவே நாளுக்கொரு சூரியன். இந்தப் பத்துச் சூரியன்கள் வரும் பழங்கதைத் தொகுதியிலேயே பன்னிரண்டு நிலவுகளைப் பெற்ற ஒரு தாயும் வருகிறாள், மாதத்துக்கொரு நிலவு. அவள் பெயர் சாங்சீ. பெட்டிப் படத்துப் பெண்ணான நம் நாயகி சாங்கேயின் பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நாட்காட்டியே இங்கே குடும்பமாகிவிட்டது என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. பருவம் தவறுவது என்றால் என்ன என்று குழந்தைக்கு இதைவிட நன்றாக யாரால் விளக்க முடியும்? பிள்ளைகள் முறை தவறினார்கள், வயல் எரிந்தது.

யாவ் அழைத்தது வில்லாளி ஹோ யியை. அவன் ஒன்பது சூரியன்களை அம்பெய்து வீழ்த்தினான். பத்தாவதையும் வீழ்த்திவிட்டால் உலகம் இருண்டுவிடுமே என்று அஞ்சி, யாவ் அவன் அம்பறாத்தூணியிலிருந்து ஓர் அம்பை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டான் என்று ஒரு நாட்டார் வடிவம் சொல்கிறது. மிஞ்சிய ஒற்றைச் சூரியனில்தான் இன்றும் நெல் விளைகிறது. அறுவடை விழாவுக்கு ஹோ யி ஏன் வேண்டும் என்பதற்கு விடை இது: உண்ணத் தானியம் இருப்பதே அவன் புண்ணியம்.

சாவா மருந்தும் மூன்று சாங்கேக்களும்

அந்த வீரச்செயலுக்குப் பின் ஹோ யி மேற்கே குன்லுன் மலைக்குப் போய், அங்கே ஆளும் சீவாங்மு என்னும் மேற்கின் அரசியன்னையிடம் சாவா மருந்து பெற்று வந்தான். அவன் மனைவி சாங்கே அதை விழுங்கினாள். உடல் இலகுவானது, கால்கள் தரையை விட்டு எழுந்தன, மிதந்து மிதந்து நிலவுக்குப் போய்விட்டாள். எல்லா வடிவங்களிலும் இது மாறாதது. மாறிக்கொண்டே வந்தது ஒன்றுதான்: அவள் அதை ஏன் விழுங்கினாள்?

மிகப் பழைய வடிவம் அவளைத் திருடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. 1993இல் ஹூபெய் மாநிலத்தின் வாங்ஜியாதாய் என்ற இடத்தில் ஒரு பழங்கல்லறையிலிருந்து கிடைத்த மூங்கில் ஏடுகளிலேயே இந்தத் திருட்டு குறிப்பிடப்படுகிறது. அது ஆரூட நூல் ஒன்றின் பகுதி. பின்னர் ஹுவாய்நான் இளவரசர் லியூ ஆன் தொகுத்து கி.மு. 139இல் பேரரசர் வூவுக்கு வழங்கிய நூலில் ஓரிரு வரிகளில் வருகிறது: யி, அதாவது ஹோ யி, மருந்து கேட்டு வாங்கினான், அவள் அதைத் திருடிக்கொண்டு நிலவுக்கு ஓடினாள், எதையோ இழந்தவனைப் போல் அவன் சோர்ந்து நின்றான், மீண்டும் பெற அவனுக்கு வழியில்லை. அவ்வளவுதான். காதலும் இல்லை, காரணமும் இல்லை. அவள் யியின் மனைவி என்பதைக்கூட உரைகாரர்தான் சொல்கிறார். அங்கே அவள் பெயரும் வேறு: ஹெங்கே. ஹான் பேரரசர் ஒருவரின் பெயர் ஹெங் என்பதால் அந்த எழுத்தை எழுதுவது விலக்கானது; ஹெங்கே சாங்கே ஆனாள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வானியலறிஞர் சாங் ஹெங்கின் நூலில் தண்டனையும் சேர்ந்துவிட்டது. நிலவை அடைந்த சாங்கே தேரையாக மாறினாள். பெட்டி மூடியில் நாடா பறக்கப் போகும் அழகியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

ஆனால் மக்கள் அவளைத் தேரையாகவே விட்டுவிடவில்லை. நூற்றாண்டுகள் போகப் போக இரக்கம் அவள் பக்கம் சாய்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கவிஞர் லி ஷாங்யின் அவளை நினைத்து நான்கே வரிக் கவிதை ஒன்று எழுதினார். விளக்கின் நிழல் திரையில் படிகிறது, விடிவெள்ளி மறைகிறது, சாங்கே அந்த மருந்தைத் திருடியதற்காக வருந்துகிறாள் போலும், பசுங்கடலும் நீலவானும் விரிந்துகிடக்க இரவுதோறும் அவள் மனம் மட்டும் தனியே என்பது அதன் கருத்து. திருட்டை அவரும் மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தைப் பேசாமல் தனிமையைப் பேசிவிட்டார். அதன்பின் அவளைக் கோபத்தோடு பார்ப்பது கடினம்.

இன்று சீனப் பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் கதை இந்த இரக்கத்தின் தொடர்ச்சி. மருந்து ஒருவரை தேவராக்கும் அளவுக்குத்தான் இருந்தது. மனைவியைப் பிரிந்து தனியே வானேற மனமில்லாத ஹோ யி அதை அவளிடமே கொடுத்து வைக்கிறான். அவன் வேட்டைக்குப் போன ஒருநாள், சீடன் ஃபெங் மெங் வாளோடு வீட்டுக்குள் நுழைந்து மருந்தைக் கேட்டு மிரட்டுகிறான். அவன் கைக்குப் போய்விடக் கூடாதே என்று சாங்கே தானே விழுங்கிவிடுகிறாள். உடல் மேலே மேலே போகிறது. கணவனை விட்டு வெகுதூரம் போய்விடக் கூடாது என்று, பூமிக்கு மிக அருகில் இருக்கும் நிலவிலேயே தங்கிவிடுகிறாள். வேட்டையிலிருந்து திரும்பிய ஹோ யி விஷயம் அறிந்து முற்றத்துக்கு ஓடுகிறான். அன்று எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். நிலா என்றுமில்லாத ஒளியோடு நிற்கிறது. அதில் அவள் சாயல் அசைகிறது. அவள் விரும்பிச் சாப்பிடும் பழங்களையும் பலகாரங்களையும் முற்றத்தில் ஒரு மேசையில் பரப்பி வைத்துவிட்டு நிலவைப் பார்த்தபடி நிற்கிறான். ஊரார் பார்த்தார்கள், அவர்களும் அப்படியே செய்தார்கள். விழாவின் படையல் இப்படிப் பிறந்தது என்பது கதை.

ஃபெங் மெங் என்ற பெயரும் புதிதாகக் கட்டியதல்ல. யியிடம் வில்வித்தை முழுவதையும் கற்றுத் தேர்ந்து, உலகில் தன்னை மிஞ்ச அவன் ஒருவன்தான் இருக்கிறான் என்று எண்ணிக் குருவையே கொன்ற சீடனாக, பழஞ்சீனத் தத்துவஞானி மென்சியஸின் நூலில் அவன் வருகிறான். பழைய துரோகி ஒருவனைக் கொண்டுவந்து சாங்கேயின் குற்றத்தை அவன் தலையில் ஏற்றி அவளை விடுவித்திருக்கிறார்கள் கதை சொல்லிகள். வேறொரு வடிவத்தில் கொடியவனாக மாறுவது ஹோ யியே. அரசனாகிக் குடிகளை வதைக்கிறான். அவன் என்றென்றும் வாழ்ந்தால் மக்கள் கதி என்னாவது என்று அவள் மருந்தை விழுங்குகிறாள். திருடி, துணைவி, தியாகி என்று மூன்று சாங்கேக்கள். எது உண்மை என்று கேட்பது வீண். ஒவ்வொரு காலமும் நிலவைப் பார்த்துத் தனக்கு வேண்டிய பெண்ணைக் கண்டிருக்கிறது.

முயல், தேரை, மரம்வெட்டி

சாங்ஷா நகரத்துக்கு அருகே மாவாங்துயி என்னும் மேட்டில், 1972இல் ஒரு சீமாட்டியின் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சவப்பெட்டியின் மேல் விரித்திருந்த பட்டுத்துணி ஓவியம் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது. அதன் வலது மேல்மூலையில் சிவப்புச் சூரியன், அதற்குள் கரிய காகம். கீழே ஃபூசாங் கிளைகளுக்கு இடையே சிறு சூரியன்கள். இடது மேல்மூலையில் வளர்பிறை போன்ற நிலவு. பிறையின் மேல் பெரிய தேரை ஒன்று, பக்கத்தில் துள்ளும் முயல். கீழே ஒரு டிராகனின் சிறகுமேல் நின்று நிலவை நோக்கி ஏறுகிறாள் ஒரு பெண். அவள் சாங்கே என்று சிலரும், வானுலகு போகும் அந்தச் சீமாட்டியின் உயிர் என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படியானாலும், இன்றைய மூன்கேக் பெட்டிப் படத்தின் எல்லா உறுப்புகளும் 2100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துணியில் கூடிவிட்டன.

ஏன் தேரையும் முயலும்? இன்னும் பழைய குரல் ஒன்று கேட்கிறது. சூ நாட்டுக் கவிஞர் சூ யுவானின் பெயரில் வழங்கும், வானத்தை நோக்கிக் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கும் நெடும்பாட்டில் இப்படி ஒரு வினா: இரவின் ஒளிக்கு என்ன வரம், செத்துச் செத்துப் பிறக்கிறதே? அதன் வயிற்றில் முயலை வைத்துக்கொண்டிருப்பதில் அதற்கு என்ன லாபம்? இந்தக் கதைகள் அனைத்துக்கும் சாவி இந்த வினாவில் இருப்பதாக நான் நினைக்கிறேன். நிலவு மாதந்தோறும் தேய்ந்து இறக்கிறது, மூன்றாம் நாள் மீண்டும் பிறக்கிறது. சாவை வென்ற பொருள் ஒன்று கண்ணெதிரே வானத்தில் இருக்கும்போது, சாவா மருந்து அங்கேதானே இருக்க வேண்டும்? தேரை தோலை உரித்துப் புதிதாகும், குளிரில் மண்ணுக்குள் மறைந்து வசந்தத்தில் எழும். அதனால் அது நிலவின் பிராணி. முயல் உரலும் உலக்கையுமாக அங்கே ஓயாமல் இடித்துக்கொண்டிருப்பதும் அதே மருந்தைத்தான். பெயர் யூதூ, பச்சைமணி முயல்.

நிலவில் முயலைப் பார்த்தவர்கள் சீனர்கள் மட்டும் அல்லர் என்பது நமக்குத் தெரியும். நிலவின் களங்கத்தை முயற்கறை என்றே தமிழ் சொல்லும். கலித்தொகையில், காதலனைத் தொலைத்துப் பிதற்றும் பெண் ஒருத்தி திங்களுக்குள் இருக்கும் ‘குறுமுயால்’ என்று முயலையே விளித்து, என் ஆளன் இருக்கும் இடத்தைக் காட்ட மாட்டாயா என்று கேட்கிறாள். பௌத்த ஜாதகக் கதையில், பசித்து வந்த அந்தணனுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாததால் முயல் தன்னையே நெருப்பில் இடுகிறது. அந்தணனாக வந்த தேவர்களின் அரசன் சக்கரன் அதன் ஈகையை உலகம் மறவாதிருக்க நிலவில் அதன் உருவை வரைகிறான். இந்தக் கதை பௌத்தத்தோடு சீனா போனதும் உண்மை. ஆனால் மாவாங்துயி முயல் அதற்கும் முந்தியது. நிலவின் கரும்பரப்புகள் உறைந்துபோன எரிமலைக் குழம்பின் சமவெளிகள். அவற்றில் இரண்டு நீண்ட காதுகளைக் காண்பதற்கு எந்த நாட்டாருக்கும் இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

மரம்வெட்டி வூ காங்கின் கதை தாங் காலத்தில் எழுத்தில் ஏறியது. தேவராகும் வித்தையைப் பயின்றவன், பிழை செய்தான், நிலவில் நிற்கும் 500 ஜாங் உயர மரத்தை வெட்டும்படி தண்டிக்கப்பட்டான். அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம். கோடரி விழுந்த வெட்டு உடனே கூடிவிடும். இன்றும் வெட்டிக்கொண்டிருக்கிறான். தேய்ந்தும் தீராத நிலவுதான் இங்கே மரமாக நிற்கிறது. அந்த மரம் குய்ஹுவா. நடு இலையுதிர் காலத்தில்தான் தென் சீன நகரங்களில் அது பூக்கும். மணிமணியான சிறு மஞ்சள் பூ, ஆப்ரிகாட் பழத்தின் வாசனை. தெருவையே நிறைக்கும் அந்த மணம் மேலேயிருந்து இறங்கி வருகிறது என்று நம்பத் தோன்றியதில் வியப்பில்லை. அந்தப் பூவிட்ட மதுவை அந்த இரவில் குடிப்பார்கள்.

முற்றத்து மேசை

கதைகள் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தன என்று பார்த்தால்தான் விழா புரியும். நிலவு யின், அதாவது பெண்மையின் பக்கம். ஆகவே ‘ஆண்கள் நிலவை வணங்கார், பெண்கள் அடுப்புத் தெய்வத்துக்குப் படையார்’ என்று வடக்கே ஒரு பழமொழி உண்டு. நிலவு எழுந்ததும் பெண்களும் குழந்தைகளும் முற்றத்தில் மேசை போடுவார்கள். மேசையில் மூன்கேக், தாமரை இதழ்போல் வெட்டிய தர்ப்பூசணி, மாதுளை, திராட்சை, தெற்கே சேப்பங்கிழங்கும் பம்ப்ளிமாஸும். பம்ப்ளிமாஸின் சீனப் பெயர் ‘காத்தருள்’ என்னும் சொல்போல் ஒலிக்கும். அதனால் அதற்கு மதிப்பு. முயலுக்கென்று காயோடு கூடிய சோயா அவரைக் கிளை ஒன்று. பேரிக்காயைப் பிளக்க மாட்டார்கள். ‘பேரிக்காயைப் பிரித்தல்’ என்றால் ‘பிரிவு’ என்றும் கேட்கும்.

பெய்ஜிங்கில் முயலுக்குத் தனி மரியாதை. ஊரில் கொள்ளைநோய் பரவியபோது சாங்கே முயலை அனுப்பினாள், அது வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தது, காசு வாங்கவில்லை, அவர்கள் கொடுத்த உடைகளை மட்டும் வாங்கி அணிந்துகொண்டது என்பது அந்த ஊர்க் கதை. அதனால் முயல் சில வீட்டில் ஆணாக, சில வீட்டில் பெண்ணாக, எண்ணெய் வியாபாரியாக, சோதிடனாகத் தோன்றியதாம். அந்த நன்றியில் பிறந்தது துஎர்யே, முயல் ஐயா. களிமண் பொம்மை. தளபதியின் பொற்கவசம் அணிந்து, முதுகில் கொடி செருகி, புலிமேல் அமர்ந்திருப்பார். தலையில் மட்டும் இரண்டு நீண்ட காதுகள். பெரியவர்கள் கும்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். தெய்வமும் பொம்மையும் ஒன்றே.

மூன்கேக்கைப் பற்றிய ஒரு கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் சொல்வார்கள். மங்கோலியரின் யுவான் ஆட்சியை எதிர்த்து ஜு யுவான்ஜாங் கிளர்ந்தபோது, அவருடைய ஆலோசகர் லியூ போவென் ‘எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் எழுவோம்’ என்ற சீட்டை மூன்கேக்குக்குள் மறைத்து வீடு வீடாக அனுப்பினாராம். ஜு 1368இல் மிங் வம்சத்தை நிறுவியது வரலாறு. கேக்குக்குள் சீட்டு போனதற்கு அக்காலப் பதிவுகளில் ஆதாரம் இல்லை. அந்த மிங் காலத்தில்தான், மக்கள் இந்த நாளில் ஒருவருக்கொருவர் மூன்கேக் கொடுக்கிறார்கள், அதன் பொருள் ஒன்றுகூடுதல் என்று குறித்து வைத்தார்கள். சீனத்தில் துவான்யுவான்: சேர்ந்திருத்தல், வட்டமாக நிறைதல் இரண்டும் அதற்குள் உண்டு.

அண்டை நாடுகளில் நிலவு அதேதான், கதைதான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஜப்பானிய முயல் மருந்துக்குப் பதில் மோச்சி என்னும் அரிசிப் பண்டத்துக்காக இடிக்கிறது. வியட்நாமில் நிலவில் இருப்பவன் மருந்து மரத்தோடு மேலே இழுத்துச் செல்லப்பட்ட குவோய். அங்கே இது குழந்தைகளின் திருநாள். கொரியர்களுக்கு இதே நாள் சூசொக், முன்னோருக்குப் புதுநெல் படைக்கும் நாள்.

கூடும் நாளில் பிரிவின் கதை

இத்தனைக்கும் பிறகு ஒன்று உறுத்துகிறது. இது குடும்பம் கூடும் திருநாள். தொலைவில் வேலைபார்ப்பவர்கள் டிக்கெட் எடுத்து ஊர் திரும்பும் நாள். 2008இலிருந்து சீனாவில் பொது விடுமுறை. ஆனால் இந்த நாளுக்கென்று வைத்திருக்கும் கதைகளில் யாரும் கூடவில்லை. சாங்கே தனியே இருக்கிறாள். அவள் அரண்மனையின் பெயரே குவாங்ஹான், அகன்ற குளிர். வூ காங் முடியாத மரத்தோடு இருக்கிறான். முயல் யாருக்கென்று தெரியாமல் இடித்துக்கொண்டே இருக்கிறது. கீழே ஹோ யி, ஒருவரும் வந்து உண்ணாத மேசையோடு.

இது முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் உட்கார்ந்துவிட்ட பந்தியில்தான் வராதவரின் இடம் கண்ணில் படும். 1076ஆம் ஆண்டின் இதே இரவில், மிஜோவ் என்ற ஊரில் அதிகாரியாக இருந்த கவிஞர் சு ஷி விடிய விடியக் குடித்துவிட்டு, பல ஆண்டுகளாகக் காணாத தம்பி சு ஜேயை நினைத்து எழுதினார். மனிதருக்குச் சேர்தலும் பிரிதலும் உண்டு, நிலவுக்கு வளர்தலும் தேய்தலும் உண்டு, இது என்றும் முழுமையாக இருந்ததில்லை. நாம் நெடுநாள் வாழ்ந்து, ஆயிரம் லி தொலைவிலிருந்தும் இந்த அழகைச் சேர்ந்து பார்த்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சீனத் தாய்மார் அன்றிரவு அனுப்பும் வாழ்த்தில் இந்தக் கடைசி வரி இன்றும் வருகிறது.

சாங்கேயைத் தேடியும் போனார்கள். 1969 ஜூலை 20 அன்று, அப்பல்லோ 11 தரையிறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஹூஸ்டனிலிருந்து செய்தி வாசித்தவர் வீரர்களிடம் சொன்னார்: நாலாயிரம் ஆண்டுகளாக அங்கே ஓர் அழகிய சீனப் பெண் இருக்கிறாளாம், கூடவே ஒரு பெரிய முயல், இலவங்கப்பட்டை மரத்தடியில் நிற்குமாம், கவனித்துப் பாருங்கள். பார்க்கிறோம் என்றார்கள் அவர்களும். பின்னர் சீனா தன் நிலவுக் கலங்களுக்கு அவள் பெயரையே வைத்தது. 2013 டிசம்பர் 14 அன்று சாங்கே-3 இறங்கியபோது அதிலிருந்து உருண்டு வெளியே வந்த ஊர்தியின் பெயர் யூதூ. இறங்கிய இடத்துக்குக் குவாங்ஹான் அரண்மனை என்ற பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்றது. 2024 ஜூனில் சாங்கே-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் மண்ணோடு பூமிக்குத் திரும்பியது. போனவள் திரும்பி வந்தது இந்தக் கலங்களின் கதையில் மட்டும்தான்.

வட சீனாவில் முன்பெல்லாம் அந்த இரவுக்கென்று வீட்டிலேயே ஒரு பெரிய மூன்கேக் சுடுவார்கள். நிலவுக்குப் படைத்து முடித்தபின் அதை வெட்டுபவர் முதலில் தலைகளை எண்ணுவார். வீட்டில் இருப்பவர்கள், வெளியூரில் இருப்பவர்கள், எல்லாரையும் சேர்த்து. துண்டுகள் அத்தனைதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, எல்லாம் ஒரே அளவு. அவரவர் தம் துண்டை எடுத்துக்கொள்வார்கள். வராதவரின் துண்டு தட்டிலேயே இருக்கும்.